தோட்டம் எனும் சொல்லும் கணினியின் பொருண்மை வரைவும்

கெடா மாநிலத்தில், பீடோங்குக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடைப்பட்ட மண்ணில், 30 எக்டர் பரப்புள்ள பால்மரக் காடு ஒன்று இருப்பதாகக் கொள்க. விடியுமுன் ஆள்கள் மரம் வெட்டப் போகின்றனர். நண்பகலில் பால் நிறுவைக்கு வந்து சேர்கிறது. பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் உறங்குகின்றன. இஃது ஒரு தோட்டமா, அன்றா?

வினா எளிது. நாட்டின் புள்ளிவிவரத் துறையிடம் கேட்டால் 'அன்று' என விடை வரும். ஓர் உடைமையின்கீழ் 100 ஏக்கருக்கு, அதாவது ஏறத்தாழ 40.5 எக்டருக்குக் குறையாத நிலமே அத்துறையின் நெடுநாளைய வரைவிலக்கணப்படி தோட்டமாகும். அதற்குக் குறைந்தது சிறுதோட்டம். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டத்தைப் புரட்டினாலோ 'ஆம்' என விடை கிடைக்கும். வேளாண் தொழில் நடைபெறுகின்ற, 20 எக்டருக்கு மேற்பட்ட நிலம் அச்சட்டத்தின் கண்ணில் தோட்டம். ஒரே நாடு, ஒரே மண், ஒரே சொல்; விடை மட்டும் இரண்டு.

இரு விடைகளுமே பிழையானவை அல்ல. முன்னது விளைச்சலைக் கணக்கெடுக்க எழுந்த வரைவிலக்கணம். பின்னது வேலை செய்பவனுக்கு வீடும், பிள்ளைக்குக் காப்பகமும், பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலமும் யார் தர வேண்டும் என்று தீர்க்க எழுந்தது. அச்சட்டம் 2019இல் திருத்தப்பெற்று, பெயரும் மாறி, பிற துறைகளில் தங்குமிடம் தரும் முதலாளிகளையும் தன் வட்டத்துக்குள் கொண்டுவந்தது என்பது வேறு செய்தி. இங்குக் கருதத்தக்கது ஒன்றே: இவ்விரு ஏடுகளும் காகிதத்தில் வெவ்வேறு அலுவலகங்களில் கிடந்தவரை ஒன்றை ஒன்று இடறவில்லை. அவை கணினிக்குள் புகுந்து, ஒரு தரவுத்தளம் இன்னொன்றோடு பேசத் தொடங்கியபோதுதான் 'தோட்டம்' எனும் ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் ஒளிந்திருப்பது வெளிப்படுகிறது.

இத்தகைய இடறலைத் தீர்க்க மென்பொருள் பொறியியல் கண்ட கருவிக்கு ஆங்கில வழக்கில் ஆன்டாலஜி என்று பெயர். மெய்ப்பொருளியலில் உள்ளது எது, இல்லது எது என ஆராயும் கலைக்கு வழங்கிய பெயரைக் கணினியார் கடனாகப் பெற்றனர். தமிழில் இதனைப் பொருண்மை வரைவு எனலாம். ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உள்ளன, அவை எவ்வெவ் வகையின, ஒன்றுக்கொன்று என்ன உறவு, ஒரு பொருள் ஒரு வகையில் சேர்வதற்கு என்ன தகுதி வேண்டும் என்பவற்றை, பொறியும் படித்து அனுமானிக்கத்தக்க முறையில் ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைப்பதே அது.

தமிழ் கற்றோருக்கு இது முற்றிலும் புதிய பொருளன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுக்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடையன. அதனோடு சுவை சேர்ந்தால் ஈரறிவு. மோப்பம் சேர்ந்தால் மூவறிவு. காட்சி, கேள்வி என ஏறி, மனத்தோடு ஆறாகிறது. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ள படியின் தன்மைகளையெல்லாம் ஏற்று, மேலும் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. மென்பொருளார் 'மரபுரிமை' என்று குறிப்பது இதனையேயாம். திவாகர நிகண்டோ வேறு வகையினது. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனப் பன்னிரு தொகுதிகளாகச் சொற்களை அது அடுக்குகிறது. ஒரு சொல் ஒரு தொகுதியில் ஏன் சேர்ந்தது என்பதற்கான தகுதியை எழுதுவதில்லை. படிப்பவன் அறிவான் என்பது நிகண்டு ஆசிரியரின் நம்பிக்கை. தற்காலத்தில் இராசேந்திரன் தொகுத்து, தமிழ்ப் பல்கலைக்கழகம் 2001இல் வெளியிட்ட தற்காலத் தமிழ்ச் சொற்களஞ்சியமும் சொற்களைப் பொருட்புலங்களாகப் பகுத்த அரும்பணியே. எனினும் பொறிக்குத் தேவைப்படுவது மரபியல் காட்டும் நெறி. பொறிக்கு ஊகம் இல்லை. தகுதியைச் சொன்னால்தான் அதற்கு வகை விளங்கும்.

(பால்மரம் எத்திணைக்கு உரிய கருப்பொருள் என்று ஒரு மாணவன் கேட்டால் ஆசிரியர் திகைப்பார். பிரேசிலிலிருந்து வந்த மரத்துக்கு ஐந்திணையில் இடமில்லை. அதன் நிழலில் ஒரு நூற்றாண்டு வாழ்ந்த மக்களின் உரிப்பொருளுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை.)

பொருண்மை வரைவு பற்றிய நூல்கள் பெரும்பாலும் 1993இல் டாம் குரூபர் தந்த வரைவிலக்கணத்திலிருந்து தொடங்குகின்றன. உலகின் ஒரு பகுதியைக் குறித்த கருத்தமைப்பை வெளிப்படையாக எழுதிவைப்பதே ஆன்டாலஜி என்பது அவர் கூற்றின் சாரம். 1997இல் போர்ஸ்ட் என்பவர் அதில் ஒரு பெயரடையைச் சேர்த்தார்: அக்கருத்தமைப்பு 'பகிரப்பட்டதாக' இருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டே ஸ்டூடர் முதலியோர் இரண்டையும் இணைத்தனர்; அதுவே இன்று பாடநூல்களில் நிலைபெற்றுள்ளது. திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் அந்தப் பெயரடையே. பகிரப்பட்டது எனின், யார் யாருக்கிடையில்? இத்துறை நூல்களில் பல இவ்வினாவின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. பகிர்வை அவை ஒரு நிலையாகக் காட்டுகின்றனவேயன்றி, ஒரு பூசலின் முடிவாகக் காட்டுவதில்லை.

குறை சொல்லுமுன் இக்கருவியின் ஆற்றலை ஒப்புக்கொள்வது முறை. உலகளாவிய வலை அமைப்பு 2004இல் ஆவுல் எனும் பொருண்மை வரைவு மொழியைப் பரிந்துரைத்தது. மேற்கண்ட இரு வரைவிலக்கணங்களையும் ஒருவர் அம்மொழியில், 'தோட்டம்' எனும் ஒரே பெயரின்கீழ் எழுதிவிட்டதாகக் கொள்க. தோட்டம் என்பது 20 எக்டருக்கு மேற்பட்டது. தோட்டம் என்பது 40.5 எக்டருக்குக் குறையாதது. இரண்டும் சமன்பாடுகளாதலின், 20 எக்டருக்கு மேற்பட்ட நிலமெல்லாம் 40.5 எக்டருக்குக் குறையாதது என்று அனுமானப் பொறி முடிவு கட்டும். உடனே அந்த 30 எக்டர் நிலம் குறுக்கே வந்து நிற்கும். நிலத்துக்குப் பரப்பு ஒன்றே எனவும் எழுதப்பட்டிருப்பின், இவ்வேடு தனக்குத் தானே முரண்படுகிறது என்று பொறி அலறும். அலுவலக இழுப்பறைகள் பல்லாண்டுகள் வாய்மூடிக் கிடந்த இடத்தில் பொறி ஒரு நொடியில் உண்மை பேசுகிறது. இச்சிறப்பை எளிதாகக் கருதலாகாது.

முரணைத் தீர்க்கும் வழியும் எளிதே. 'புள்ளிவிவரத் தோட்டம்', 'குடியிருப்புச் சட்டத் தோட்டம்' என இரண்டு பெயர் இட்டால் பொறி அமைதி கொள்ளும். மென்பொருளாளரும் அமைதி கொள்வார். ஆனால் அந்த 30 எக்டர் நிலத்தில் மரம் வெட்டுகிறவனுடைய நிலை என்ன? அவன் ஓர் ஏட்டில் தோட்டத் தொழிலாளி. மற்றோர் ஏட்டில் சிறுதோட்டத்து ஆள். உதவித் திட்டம் ஒன்றை வகுப்போர் எவ்வேட்டைக் கையில் எடுக்கின்றனரோ, அதனைப் பொறுத்ததே அவனுக்கு வரும் நன்மை. பொறியின் அமைதி வேறு, அவன் அமைதி வேறு.

இதனைக் கற்பனை வழக்கு என்று தள்ளிவிட முடியாதபடி வரலாறு ஒரு சான்றை விட்டுச் சென்றுள்ளது. 1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுக் கைகழுவ முற்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிப் பலருக்கு விற்றனர். 'தோட்டத் துண்டாடல்' எனும் சொல் மலேசியத் தமிழர் நாவில் கசந்த காலம் அது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை தந்தார். துண்டாடலின் கொடுமை வேலையிழப்பும் வீடிழப்பும் என்பது யாவரும் அறிந்தது. அதனினும் நுண்ணிய இழப்பு ஒன்று உண்டு. 100 ஏக்கருக்குக் கீழ்ப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் வரைவிலக்கணத்தினாலேயே தோட்டம் எனும் வகையிலிருந்து வழுவி விழுந்தது. மரம் அதே மரம். வெட்டுகிறவனும் பல இடங்களில் அதே ஆள். ஆனால் தோட்டத் தொழிலாளர் தொகையில் அவன் இல்லை. ஒரு மக்கட்கூட்டம் இடம் பெயராமலேயே ஏட்டிலிருந்து மறைய முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டுவதில்லை.

துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது இப்பின்னணியில்தான். அச்சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் ஆகும். துண்டாடாமல் முழுத் தோட்டமாக வாங்குவதே சங்கத்தின் நோக்கம். நிலத்தைக் காத்ததாகவே இச்செயல் இதுகாறும் போற்றப்பட்டு வந்துள்ளது. ஒரு வகுப்பின் வரைவிலக்கணத்துக்குள் மக்களை நிலைநிறுத்திய செயலாகவும் அதனைப் படிக்க இடமுண்டு.

சொல் ஒன்றாக, பொருள் இரண்டாக நிற்கும் நிலை தோட்டத்து அன்றாட வாழ்விலும் உண்டு. நிறுவைக் கொட்டகையே அதன் களம். வாளியில் வந்த பாலை நிறுக்கும்போது தோன்றும் எடை ஒன்று; சம்பளக் கணக்கில் ஏறும் எடை மற்றொன்று. பாலில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆகவே மெட்ரோலாக் எனும் மிதவைக் கருவியை இட்டு உலர்ந்த ரப்பரின் அளவை மதிப்பிட்டு, அதனையே கிராணி செக்ரோலில் பதிந்தார். மழை பெய்து மங்கில் நீர் புகுந்த நாளில் வாளி கனக்கும், கணக்கு இளைக்கும். 'எடை' என்று தொழிலாளி சொன்னது தன் தோள் அறிந்த எடை. 'எடை' என்று ஏட்டில் நின்றது கருவியும் பெருக்கல் வாய்பாடும் கூடிச் செய்த எடை. இருவரும் ஒரே சொல்லைப் பேசினர், பூசல் தீரவில்லை. கொட்டகை வாசலில் எழுந்த வாய்ச்சண்டைகளுள் ஏமாற்றினால் விளைந்தவை எத்தனை, சொல்லின் இருமையால் விளைந்தவை எத்தனை எனப் பிரித்தறிய எவருக்கும் அன்று வழியில்லை. சொல் இரண்டாக இருந்திருந்தால், 'பால் எடை' வேறு, 'உலர் எடை' வேறு என்று இரு பத்திகள் தொழிலாளியின் கண்முன் எழுதப்பட்டிருந்தால், ஏமாற்று நடந்த இடத்தை அவன் விரல் வைத்துக் காட்டியிருப்பான். தெளிவற்ற சொல் வலியவனுக்கே கூலி வாங்கித் தருகிறது என்பதை ஆன்டாலஜி நூல்கள் எழுதுவதில்லை.

அலகின் கதையும் அத்தகையதே. மலாயாவில் ஒரு கட்டி என்பது ஏறத்தாழ 605 கிராம், தைவானில் 600, சீனப் பெருநிலத்தில் 500. 1972ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை மெல்ல வேரூன்றியும், சந்தையில் கட்டி பல காலம் வாழ்ந்தது. கெடாவின் நெல்வயலுக்குப் போனாலோ ஏக்கரும் இல்லை, எக்டரும் இல்லை. ரெலோங் என்பதே பேச்சு. ஒரு ரெலோங் 0.71 ஏக்கர் அளவினது. முடா நீர்ப்பாசனத்தால் இருபோகம் கண்ட மலாய் உழவரின் நில உணர்வு அவ்வளவையில் ஊறியது. பக்கத்துப் பால்மரக் காட்டில் தமிழன் ஏக்கரில் எண்ணினான். தரவுத்தளத்தில் 'பரப்பு: 40' என்று வெறுமனே எழுதிவிட்டால், அது எவர் நாற்பது என்று யார் சொல்வது? இது சிற்றூர்ச் சிக்கல் என்று எவரும் நகைக்க வேண்டா. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தொழிந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்த எண்ணை இன்னொரு மென்பொருள் நியூட்டன் அலகு எனக் கொண்டு கணித்ததேயாம். எண்கள் சரியாகவே சென்று சேர்ந்தன. பொருள்தான் வழியில் தவறியது.

இனி, கெடாவிலேயே பகிர்பொருள் வென்ற இடம் ஒன்றைக் காண்பது தகும். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பெற்றது. சிலிக்கன் சில்லுகள் செய்யும் பெருந்தொழில் அங்கு வேரூன்றியது. ஜெர்மானிய நிறுவனமான இன்ஃபினியன் 2006இல் தன் ஆலையை அங்குத் திறந்தது. இத்தகைய ஆலையில் பல நாடுகளின் பல கம்பெனிகள் செய்த பொறிகள் அருகருகே நிற்கும். அவை ஆலையின் மையக் கணினியோடு ஒரே மொழியில் பேசியாக வேண்டும். அதற்காகவே செமி எனும் உலகத் தொழிற்சங்கம் 1980களிலிருந்து வரைமுறைகளை வகுத்து வந்தது. செய்தியின் வடிவத்தை ஒன்று வரையறுக்கிறது. பொறி நடந்துகொள்ள வேண்டிய முறையை மற்றொன்று வரையறுக்கிறது. திறனாய்வாளர் கவனிக்க வேண்டியது ஈ-10 எனப்படும் வரைமுறை. 'பொறி ஓடவில்லை' எனும் ஒரு வாக்கியத்தை அது எளிதில் ஏற்பதில்லை. பொறியின் காலம் முழுவதையும் ஆறு நிலைகளாகப் பகுக்கிறது: உற்பத்தியில் இருக்கும் நேரம், வேலைக்காகக் காத்திருக்கும் நேரம், பொறியியல் சோதனையில் இருக்கும் நேரம், திட்டமிட்ட நிறுத்தம், திட்டமிடாத நிறுத்தம், ஆலையின் வேலைநேரத்துக்கே புறம்பான நேரம்.

இத்துணை நுணுக்கம் எதற்கு? பொறியை விற்றவன் 'என் பொறி பழுதாவதில்லை' என்பான். வாங்கியவன் 'பாதி நாள் நிற்கிறது' என்பான். நின்றது பழுதினாலா, சரக்கு வராமையாலா என்பதில் பெரும்பணம் தொங்குகிறது. இரு தரப்பும் வலியன. இரு தரப்புக்கும் நட்டம் உண்டு. ஆதலின் இரு தரப்பும் ஒரு மேசையில் அமர்ந்து 'நிற்றல்' எனும் சொல்லை ஆறாகப் பிளந்தன. ஆன்டாலஜி எனும் பெயரை அங்கு எவரும் முழங்கவில்லை, காரியம் நடந்தது.

பொறி நிற்பதற்கு ஆறு பெயர் கண்ட அதே மாநிலத்தில் ஆள் நிற்பதற்கு எத்தனை பெயர் இருந்தன? மழையால் வெட்டில்லாத நாள், இலையுதிர் காலத்து வெட்டுக் குறைந்த நாள், காய்ச்சல் கண்ட நாள், நிர்வாகம் வேலை தராத நாள் ஆகியவை யாவும் 'வரவில்லை' எனும் ஒரே குறிக்குள் அடங்கிவிடக் கூடியவை. நாட்கூலி முறையில் அக்குறியின் பொருளை யார் தீர்த்தார் என்று கேட்டால், பென்சில் பிடித்தவர் என்பதே விடை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒப்பந்தங்களின் வாயிலாக இச்சொற்களுள் சிலவற்றைப் பிளக்க முயன்றது. அவ்வொப்பந்தங்களைப் பொருண்மை வரைவின் முன்னோடி ஆவணங்களாக எவரும் இதுவரை படித்திலர். படித்தல் வேண்டும்.

ஆகவே, பொதுப்பொருள் உருவாகாமைக்குத் தொழில்நுட்பக் குறையைக் காரணமாகக் காட்டுவது முழுமையான விளக்கமாகாது. சொல்லின் குழப்பத்தால் விளையும் நட்டம், அச்சொல்லைத் திருத்தும் ஆற்றல் உடையோர் தலையில் விழும்போது பொதுப்பொருள் விரைந்து பிறக்கிறது. நட்டம் வேறு தலைகளில் விழும்போது அது பிறப்பதில்லை. நாற்பதும் இருபதும் பல்லாண்டுகள் அருகருகே வாழ்கின்றன.

மென்பொருள் உலகில் இதனை ஓரளவு உணர்ந்து எழுதியவர் எரிக் எவன்ஸ். 2003இல் வெளிவந்த தம் நூலில் அவர், நிறுவனம் முழுமைக்கும் ஒரே அகராதி எனும் பேராசையைக் கைவிடச் சொன்னார். ஒவ்வொரு பணிக்களத்துக்கும் எல்லை வகுத்து, அவ்வெல்லைக்குள் துறையறிஞரும் நிரலாளரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் வழங்க வேண்டும். எல்லை கடக்கும்போது மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது அவர் நெறி. உலகப் பொது அறிவு அனைத்தையும் ஒரே வரைவில் அடக்க 1984இல் தொடங்கப்பெற்ற சைக் போன்ற பெருமுயற்சிகளோடு ஒப்பிட, இது பணிவான கொள்கை. ஆதலின் பயனுள்ளதும் ஆகும். எல்லைக்குள் நிகழ்வதை எவன்ஸ் நன்கு விளக்குகிறார். எல்லைகளுக்கு இடையிலான மொழிபெயர்ப்பைச் செய்ய ஒரு தரப்புக்கும் கட்டாயம் இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பது நிறுவனங்களுக்குள்ளேயே நின்று எழுதிய அவருடைய கவலை அன்று.

அதற்கும் கெடாவே சான்று தருகிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லிடங்களை 1930களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து எண்ணிட்டார். ஆய்வாளர் வரிசையில் 11 எனக் குறிக்கப்பெற்ற கோயிலடித்தளம் ஒன்று, மனைத்தொழிலுக்காக நிலம் திருத்தப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. அவ்விடம் தனியார் நிலம் என்றும், மரபிடமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது என்றும் மாநில அரசு விளக்கம் தந்தது. ஆய்வாளர் களத்தில் அது சண்டி. நிலக் களத்தில் அது மனை. இரு களங்களுக்குள்ளும் சொற்கள் ஐயமின்றித் தெளிவாகவே இருந்தன. 11 என்பதும் அந்த மனையும் ஒன்றே என்று சொல்லும் ஒரு வரி மட்டும் எவ்வேட்டிலும் கட்டாயமாக இருக்கவில்லை. சோழர் கல்வெட்டின் கடாரமும், பட்டினப்பாலையின் காழகமும், வடமொழியாளரின் கடாகமும் ஒரே இடமே என்று நிறுவ அறிஞர்கள் எத்துணையோ உழைத்தனர். காழகம் என்பதற்குக் கடாரம் என உரை கண்ட நச்சினார்க்கினியர் செய்தது அவ்வொரு வரியை எழுதும் பணியே. உரையாசிரியன் இல்லாத இடத்தில் மண்வாரிப் பொறி நுழைந்தது.

மூன்றாவது 'தோட்டம்' ஒன்றும் உண்டு. அதனைப் பொருண்மை வரைவாளர் தொடுவதில்லை. மலேசியத் தமிழ்ப் புனைகதையில் வரும் தோட்டமே அது. கெடாவின் சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான் போன்றோரின் எழுத்தில் தோட்டம் எத்தனை எக்டர் என்று எவரும் கேட்பதில்லை. லயமும், மாரியம்மன் கோயிலும், தமிழ்ப்பள்ளியும், கள்ளுக்கடையும், பந்தடித் திடலும், இவற்றிடையே ஒருவரை ஒருவர் முறைசொல்லி அழைக்கும் மக்களும் கூடியதே அங்குத் தோட்டம். நிலம் விற்கப்பட்ட பின்னும் இத்தோட்டம் சிறிது காலம் உயிர் வாழும். நிலம் விற்கப்படாதபோதும் லயம் காலியானால் இது இறந்துபடும். புனைகதையாசிரியர் தரும் இவ்வரைவிலக்கணம் உணர்ச்சி மயமானது எனக் கருதி ஒதுக்குவது தவறு. இழப்பீடு, மாற்று வீடு, கோயில் நிலம் என எழுந்த வழக்காடல்கள் பலவற்றில் மக்கள் மனத்தில் நின்ற தோட்டம் இதுவே. எதிர்த்தரப்பின் ஏட்டில் இருந்ததோ நில எண்ணும் பரப்பும் மட்டுமே. பேச்சு ஒட்டாமற் போனதில் வியப்பில்லை.

மொழிகளுக்கிடையிலான வழுக்கலையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம். தமிழன் நூறு ஏக்கருக்குக் குறைந்ததைச் 'சிறுதோட்டம்' என்றான். சொல்லின் அமைப்பே அதனைத் தோட்டத்தின் ஒரு வகையாக்கிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லிலும் மலாய்ச் சொல்லிலும் அவ்வுறவு இல்லை. பெயரைக் கொண்டு வகையைத் துணியும் பொறி தமிழில் ஒரு முடிவும் மலாயில் வேறொரு முடிவும் கூறும். அவ்வாறே 'லாடாங்' எனும் மலாய்ச் சொல்லைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளுள் பல இன்று தோட்டத்தில் இல்லை. பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பெயரில் லாடாங் உள்ளதெல்லாம் தோட்டப்பள்ளி என்று ஒரு நிரலாளர் வடிகட்டி எழுதுவாராயின், அவர் பட்டியல் நகரத்துப் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பிவைக்கும். பள்ளி நிற்கும் நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தே முழு உதவி, பகுதி உதவி எனும் பாகுபாடு அமைவதால், இப்பிழை வெறும் பட்டியற்பிழையாக நின்றுவிடாது.

செய்யத்தக்கது யாது எனின், அது பெரிதும் தச்சுவேலை போன்ற பணி. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பின் இரண்டு பெயர் இடுதல். எண்ணோடு அலகையும் நிலையையும் சேர்த்து எழுதுதல். வரைவிலக்கணத்தோடு அதனை வகுத்தவர் யார், எந்நோக்கத்துக்கு, எந்த ஆண்டில் என்பதையும் பதிதல். எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்கை, அந்த 30 எக்டர் நிலத்தைப் போன்றதை, சோதனை வழக்காக முன்கூட்டியே எழுதிப் பார்த்தல். இவற்றுள் எதுவும் இன்றைய கருவிகளுக்கு அரிதன்று. அரிது ஒன்றே: அவ்வரைவை எழுதும் நாளில், அச்சொல்லின்கீழ் வாழ்பவர் ஒருவர் அந்த அறையில் இருப்பது. கூலிம் ஆலையின் பொறிகளுக்காகப் பேச இரு தரப்பிலும் ஆள் இருந்தது.

காலம் எனும் சிக்கலும் எஞ்சுகிறது. இன்றைய பொருண்மை வரைவு மொழிகள் 'இந்நிலம் தோட்டம்' என்பதை எளிதில் கூறும். 'இந்நிலம் இன்ன ஆண்டுவரை தோட்டமாக இருந்தது' என்பதைக் கூற அவை சுற்றிவளைக்க வேண்டியுள்ளது. இரு பொருள்களுக்கிடையிலான உறவையே அவை இயல்பாக அறியும். காலத்தை மூன்றாவதாக ஏற்றுவதற்குத் தனிக் கட்டுமானம் தேவை. வேலைப்பளு மிகுந்த நிரலாளர் அக்கட்டுமானத்தைத் தவிர்த்துவிடுவார். பழைய வரியை அழித்துப் புதிய வரியை எழுதுவார். பால்மரம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகிவிட்ட சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் ஒரு நிலத்துக்கு இவ்வாறு மூன்று வரிகள் அடுத்தடுத்து அழிந்திருக்கக்கூடும். நான்காவது வரியில் நிற்பது தாமானின் பெயர். அங்குக் குடியிருப்போருள் சிலர் அதே மண்ணில் லயத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் உள்ள இடப்பெயரைத் தேடினால், தரவுத்தளம் 'இல்லை' என்று விடை தரும்.